ஐவரியா, வெளிர்சாம்பலா? உள்சுவர் வண்ணத் தேர்வு குறித்துச் சில விளக்கங்கள்

வீடு கட்டுவதற்கான கடனை வங்கிகள் ஒரே தவணையில் விடுவிப்பதில்லை. அடித்தளம், சுவர், தளம், பூச்சு என்று வேலை வளர வளரப் பகுதி பகுதியாகவே விடுவிக்கின்றன. இந்த வரிசையில் வண்ணப்பூச்சு கடைசியில் வருகிறது. அதற்குள் மதிப்பீட்டில் இருந்த தொகை பெரும்பாலும் கரைந்திருக்கும். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தாகியிருக்கும். என்ன நிறம் என்று சொல்லும்படி பெயிண்டர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பார். கதவின் கைப்பிடிக்காக ஒரு வாரம் கடை கடையாக ஏறி இறங்கிய குடும்பம், அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் நாள்தோறும் கண்விழித்துப் பார்க்கப் போகும் சுவரின் நிறத்தைப் பெயிண்ட் கடை விளக்கின் கீழே பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறது. பின்னர் அதை மாற்றுவதற்கென்று தனிநபர் கடன் கேட்டுக் கிளைக்கு வருவோரையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

அடர்ந்த நிறங்களை விரும்பாத வாடிக்கையாளர்கள் எங்களிடம் பேசும்போது இறுதியில் இரண்டு நிறங்களுக்கிடையேதான் தயங்கி நிற்கிறார்கள். ஒன்று ஐவரி, அதாவது தந்த வெண்மை. மற்றொன்று வெளிர்சாம்பல். முன்னது நம் பெற்றோர் காலத்துக் குடியிருப்புகளிலும் அலுவலகங்களிலும் பழகிய கிரீம் நிறத்தின் நெருங்கிய உறவு. பின்னது அண்மைக் காலத்து அடுக்குமாடி வீடுகளின் மாதிரி அறைகளில் நாம் காண்பது. இரண்டுமே நடுநிலை வண்ணங்கள் எனப்படுபவை. எந்த நாற்காலியோடும் எந்தத் திரைச்சீலையோடும் ஒத்துப்போகும் என்று கூறி விற்கப்படுபவை. ஆனால் நடுநிலை என்ற சொல் சற்றே ஏமாற்றக்கூடியது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

வெண்மைக்குள் ஒளிந்திருக்கும் நிறம்

கடையில் நாம் தேர்ந்தெடுக்கும் நிறம் பெரும்பாலும் முன்கூட்டியே டின்னில் அடைத்து வருவதில்லை. டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி மிகுந்த அடிப்படைப் பெயிண்டில், டின்டிங் இயந்திரம் சில மில்லிலிட்டர் சாயங்களைச் சொட்டுச் சொட்டாக இடுகிறது. மஞ்சள் ஆக்சைடும், அதனோடு மிகச் சிறிதளவு சிவப்பு ஆக்சைடும் கருப்பும் சேர்ந்தால் ஐவரி. கருப்பே முதன்மையாகச் சேர்ந்தால் சாம்பல். வெண்மையில் கருப்பை மட்டும் இட்டால் கிடைக்கும் சாம்பல் பெரும்பாலும் நீலம் சாய்ந்தே கண்ணுக்குத் தெரியும். அதைத் தணிக்கப் பழுப்பையோ மஞ்சளையோ சிறிது சேர்ப்பார்கள். இவ்வாறு ஒவ்வொரு நடுநிலை நிறத்துக்கும் அடியில் வேறொரு நிறம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அடிச்சாயல் என்று அழைப்போம்.

ஐவரி என்ற ஒரே பெயரில் மஞ்சள் சாய்ந்தது, இளஞ்சிவப்புச் சாய்ந்தது, எலுமிச்சைப் பச்சை சாய்ந்தது எனப் பல உண்டு. சாம்பலிலும் நீலம், பச்சை, ஊதா, பழுப்பு ஆகிய சாய்வுகள் உண்டு. ஷேட் கார்டில் தனியே ஒரு கட்டத்தைப் பார்க்கும்போது இது தெரிவதில்லை. ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். நான்கு சாம்பல் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அத்தாளோடு ஒப்பிட்டால், அவற்றில் ஒன்று புறாவின் கழுத்தைப் போலவும் மற்றொன்று ஈரச் சிமெண்டைப் போலவும் பிரிந்து நிற்பதைக் காணலாம். வாங்கும் முன் செய்யத்தக்க சோதனைகளுள் செலவே இல்லாதது இதுதான்.

இந்த நுட்பம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. சுண்ணாம்பு நீற்றி வெள்ளையடிக்கும்போது அதில் சிறிது நீலம் கரைத்தார்கள். சுண்ணாம்பில் தங்கும் மஞ்சளை நீலம் ஈடுசெய்து, சுவரை மேலும் வெண்மையாகக் காட்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அளவு சற்று மீறினால் சுவர் நீலம் பாரித்துவிடும் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

சாளரம் எந்தத் திசையில் இருக்கிறது?

வண்ணத்தைப் பற்றிய அறிவுரைகளுள் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே தெற்குச் சாளரம் வெயிலுக்கு, வடக்குச் சாளரம் நிழலுக்கு என்று எளிதாக வகுத்துவிடலாம். இந்தியா நீண்டு கிடக்கும் நாடு. கடக ரேகை நடுவே செல்கிறது. தில்லியில் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேரே வருவதில்லை. எப்போதும் தெற்கே சாய்ந்தே நிற்கும். டிசம்பர் இறுதி வாரத்தில் அடிவானத்திலிருந்து 38 பாகை உயரத்துக்கே ஏறும். சென்னையிலோ ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். எனவே சென்னையில் வடக்கு நோக்கிய அறைக்குக் கோடையில் வெயிலே எட்டாது என்று கொள்ள இயலாது. தில்லி, சண்டிகர், லக்னோ போன்ற வட நகரங்களில் குடியிருப்போர்க்கு வடக்கு அறை குளிர்காலம் முழுவதும் நேர்வெயில் படாத அறையே.

நேர்வெயில் இல்லாத அறைக்குள் வருவது வானத்தின் ஒளி. அது நீலம் கலந்தது. அந்த ஒளியில் நீலம் சாய்ந்த வெளிர்சாம்பல் மேலும் நீலமாகிறது. ஜனவரி மாதத்துத் தில்லிக் காலையில் அத்தகைய அறையில் அமர்ந்திருப்பவர்க்குச் சுவரே குளிர்வது போலத் தோன்றும். ஐவரியின் மஞ்சள் அந்த நீலத்தை ஈடுசெய்து, ஏறத்தாழ வெண்மையாகவே காட்சி தரும். எங்கள் கருத்தில் இங்கே விவாதத்துக்கு இடமில்லை, ஐவரியே பொருந்தும்.

மேற்கு நோக்கிய அறையில் நிலைமை தலைகீழ். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் சாயும் வெயில் செம்மஞ்சளாக உள்ளே விழும்போது, மஞ்சள் சாய்ந்த ஐவரி பழுத்த நிறமாக மாறிவிடுகிறது. நாக்பூர், ஹைதராபாத், மதுரை போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் அந்த அறையில் மாலை வேளையைக் கழிப்பது எளிதன்று. சுவரின் நிறமும் வெம்மையாக இருந்தால் மனத்தளவிலாவது அது கூடுகிறது. அங்கே வெளிர்சாம்பல் அமைதி தருகிறது. கிழக்கு அறைகளுக்குக் காலையில் கிடைக்கும் ஒளி ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். எஞ்சிய பகல் முழுவதும் அவையும் வானொளியையே நம்பியிருக்கும். அவற்றையும் வடக்கு அறைகளோடு சேர்த்தே எண்ணலாம்.

மும்பையிலும் கொங்கணக் கரையிலும் இன்னொரு கணக்கைச் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானமே சாம்பலாக இருக்கும். அந்த நான்கு மாதங்களில் பகலிலும் விளக்கெரியும் கீழ்த்தள வீட்டுக்குச் சுவரையும் சாம்பலாக்குவது எவ்வளவு உவப்பானது என்பதை அங்கு குடியிருப்போரே சொல்ல வேண்டும். மாற்றலுக்கு மாற்றல் ஊரும் வீடும் மாறும் எங்களைப் போன்றோர்க்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு.

அடுக்குமாடி வீடுகளில் திசையைக் காட்டிலும் எதிர்ச்சுவர் முக்கியமாகிவிடுகிறது. பத்து அடி தொலைவில் பக்கத்துக் கட்டடம் செங்காவி நிறத்தில் நின்றால், நம் அறைக்குள் வருவது அந்தக் காவியில் பட்டுத் திரும்பிய ஒளி. சாளரத்தை அடைத்துக்கொண்டு வேம்போ மாமரமோ நின்றால் பச்சை ஒளி. பச்சை சாய்ந்த சாம்பல் அங்கே பாசி படிந்ததாகத் தோன்றக்கூடும்.

விளக்கொளி

பகலில் சரியாகத் தேர்ந்தெடுத்தவரும் இரவில் ஏமாறுவதுண்டு. எல்.இ.டி. விளக்கின் அட்டைப்பெட்டியில் 3000 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும். இது விளக்கின் வெப்பம் அன்று; ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு. எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலவெண்மை. நம் நாட்டு வீடுகளில் 6500 கெல்வின் குழல்விளக்கே பெருவழக்கு. அதன் கீழே நீலச்சாயல் உள்ள வெளிர்சாம்பல் மருத்துவமனைக் கூடத்தை நினைவூட்டும். 3000 கெல்வின் விளக்கில் ஐவரி நெய் தடவியது போல் மஞ்சளாகும்.

எளிய தீர்வு 4000 கெல்வின். பல கடைகளில் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அவ்விளக்கின் கீழே இரு நிறங்களும் தம் இயல்புக்கு நெருங்கி இருக்கும். ஒரே அறையில் சுவரோரம் 3000-ம் நடுவே 6500-ம் பொருத்துவதைத் தவிர்க்க வேண்டும். ஒரே சுவர் இரு நிறமாகத் தோன்றும், பழி பெயிண்டர்மீது விழும்.

இதோடு தொடர்புடைய மற்றொரு நுட்பம்: இரண்டு வண்ணங்கள் ஒரு விளக்கின் கீழே முற்றிலும் ஒன்றுபோலத் தோன்றி, வேறொரு விளக்கின் கீழே வேறுபட்டு நிற்கக்கூடும். சாயங்களின் கலவை வேறாக இருந்தால் இப்படி நேரும். கடையின் குழல்விளக்கில் சோபாத் துணியோடு சரியாகப் பொருந்திய சாம்பல், வீட்டுக் கூடத்தில் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே. சேலைக்கு ரவிக்கைத் துணி எடுப்பவர்கள் இரண்டையும் கடைவாசலுக்குக் கொண்டுவந்து பகலொளியில் பார்க்கும் வழக்கம் எவ்வளவு பொருளுடையது என்பது இப்போது விளங்கும்.

எவ்வளவு ஒளி திரும்புகிறது?

தன்மேல் விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டை ஒரு வண்ணம் திருப்பி அனுப்புகிறது என்பதை எல்.ஆர்.வி. என்னும் எண்ணால் குறிப்பர். முழுக்கருப்பு 0, முழுவெண்மை 100. பல நிறுவனங்கள் ஷேட் கார்டின் பின்புறத்திலோ தம் இணையப் பக்கத்திலோ இதனைத் தருகின்றன. ஐவரி வகைகள் பொதுவாக 80-ஐ ஒட்டி இருக்கும். வெளிர்சாம்பல் என்ற பெயரில் விற்பவை 70-லும் உண்டு, 55-லும் உண்டு.

80-க்கும் 55-க்கும் உள்ள வேறுபாடு எண்ணில் தோன்றுவதைவிடப் பெரிது. ஒளி சுவரில் ஒரு முறை பட்டு நின்றுவிடுவதில்லை; எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து மீண்டும் திரும்புகிறது. 80 என்ற சுவர்களுக்கிடையே மூன்று முறை பட்டுத் திரும்பிய ஒளியில் 51 விழுக்காடு எஞ்சும். 55 என்ற சுவர்களுக்கிடையே அதே மூன்று முறைக்குப் பின் எஞ்சுவது 17 விழுக்காடே. வங்கியில் கூட்டுவட்டி வளர்வதைக் காண்கிறோம். இங்கே அதே கணக்கு தேய்வாக நடைபெறுகிறது. சாளரத்திலிருந்து தொலைவில் உள்ள மூலைகள் சாம்பல் அறையில் இருண்டுபோவதன் காரணம் இது.

ஐவரிக்கும் இதே காரணத்தால் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் அது நீலத்தைச் சற்றுக் கூடுதலாக விழுங்கிக்கொள்கிறது. ஆகவே மூலைகளில் மஞ்சள் செறிகிறது. ஷேட் கார்டில் மெல்லியதாக இருந்த மஞ்சள் நான்கு சுவரிலும் பூசிய பின் கூடிவிட்டதாகப் பலர் குறைப்படுவது மனப்பிரமை அன்று. இரு நிறத்துக்குமே, பிடித்த கட்டத்துக்கு ஒரு படி வெளிறியதைத் தேர்வது நல்லது.

மின்கட்டணம் குறையும் என்பதற்காக ஐவரியைப் பரிந்துரைப்போரும் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தோம். சாம்பல் அறைக்கு 20 வாட் குழல்விளக்கு ஒன்று கூடுதலாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தாலும், ஓராண்டுக்கு 36.5 யூனிட்தான். அதற்காக நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. பகலில் விளக்கின்றிப் படிக்க முடிகிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

தரையும் கதவும்

பாரிசில் கோபெலின் அரச நெசவாலையின் சாயப்பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷல் யூஜின் செவ்ரோல் முன் ஒரு புகார் வந்தது. கருப்புச் சாயம் வலிமையற்றிருக்கிறது என்பது புகார். ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. அந்தக் கருநூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவுமே கருப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறத்தின் தோற்றத்தை அதன் அண்டை நிறம் மாற்றிவிடுகிறது என்பதை அவர் 1839-இல் ஒரு பெருநூலாகவே எழுதினார்.

நம் வீடுகளில் அந்த அண்டை நிறம் தரை. சுவரைத் தனியே தேர்ந்தெடுத்துவிட்டுத் தரையை மறந்துவிடுகிறோம். கொல்கத்தாவின் பழைய வீடுகளிலும் தமிழக, கேரள வீடுகளிலும் உள்ள சிவப்பு ஆக்சைடு தரைக்கு மேலே சாம்பல் சுவர், சற்றே பச்சை கலந்த நீலமாகத் தோன்றும். அத்தரையில் வெயில் விழும் நேரத்தில் சுவரின் அடிப்பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகும். சிலர் இதை விரும்புகிறார்கள். எங்களுக்கு அது உறுத்தலாகவே படுகிறது. சிவப்புத் தரைக்கும் தேக்குக் கதவுக்கும் ஐவரி பழைய துணை.

இராஜஸ்தானத்துக் கோட்டாக் கல் பச்சை கலந்த சாம்பல். வட இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் பள்ளி, மருத்துவமனை, வீடு என எங்கும் காண்பது. அதன்மேல் மஞ்சள் மிகுந்த ஐவரி அழுக்கேறியது போலத் தோன்றும். பழுப்புச் சாயலுடைய வெளிர்சாம்பல் அங்கே அழகாக அமையும். இன்று பெரும்பாலான அடுக்குமாடிகளில் இடப்படும் விட்ரிஃபைட் தரை ஓடுகள் பெரும்பகுதி ஐவரி நிறத்தவை. ஐவரித் தரை, ஐவரிச் சுவர் இரண்டும் ஒன்றுபோல இருந்தும் ஒன்றாக இல்லாமல் நிற்கும்போது, ஒன்று மற்றொன்றைப் பழையதாகக் காட்டிவிடும். அவ்விடத்தில் சுவரை ஓட்டைவிடத் தெளிவாக வெளிறச் செய்ய வேண்டும். இல்லையேல் சாம்பலுக்கே போய்விடலாம்.

வீட்டில் முதியோர் இருந்தால்

நிறத்தேர்வில் அழகைவிடப் பெரிதாக நாங்கள் கருதுவது இதை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளடைகிறது. கண்மணியின் துளையும் சுருங்குகிறது. விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி குறைகிறது, நீலச்சாயல்கள் மங்குகின்றன. நாற்பது வயது மகன் மெல்லிய நீலச்சாம்பல் என்று தேர்ந்தெடுத்த அறை, எழுபத்தைந்து வயதுத் தாய்க்கு வெறும் மங்கலாகவே தெரியக்கூடும். அவர்கள் அறைக்கு ஒளி அதிகம் திரும்பும் நிறம் வேண்டும். இந்த அளவில் ஐவரி மேலானது.

ஆனால் ஒளி மட்டும் போதாது, வேறுபாடும் வேண்டும். வெள்ளைச் சுவிட்ச் பலகை, வெள்ளைக் கதவுச் சட்டம், வெள்ளைக் கைப்பிடிக் கம்பி ஆகிய மூன்றும் ஐவரிச் சுவரில் கரைந்துவிடும். நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் சுவரைத் தடவிக்கொண்டே சுவிட்சைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிர்சாம்பல் சுவரில் அதே வெள்ளைப் பலகை தனித்துத் தெரியும். எனவே படுக்கையறையை ஐவரியாக்குவோர், சுவிட்ச் பலகையைச் சுற்றியோ கைப்பிடிக் கம்பியின் பின்புறமோ ஓர் அடி அகலத்துக்கு நடுத்தரச் சாம்பல் பட்டை ஒன்றைப் பூசிக்கொள்ளலாம். அல்லது கம்பியையே அடர்நிறத்தில் வாங்கலாம். உள்ளலங்கார வல்லுநர் ஒருவேளை முகம் சுளிப்பார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரின் மருத்துவச் செலவுக்காக வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முறிக்க வரும் குடும்பங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்தச் சுளிப்பு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அழுக்கும் உப்பும்

சாம்பலில் அழுக்குத் தெரியாது என்பது பாதி உண்மை. தில்லியின் புழுதியும் சாலையோர வீடுகளின் புகையும் சாம்பலில் மறையும். ஐவரியில் மின்விசிறி வட்டத்துக்கு மேலேயும் சுவிட்சைச் சுற்றியும் கருமை விரைவில் தெரியும். ஆனால் கடற்கரை ஊர்களிலும் மழை மிகுந்த இடங்களிலும் சுவரில் உப்புப் பூக்கும்போது, அந்த வெண்பொடி ஐவரியில் அவ்வளவாகப் புலப்படாது. சாம்பலில் கோலம் போட்டது போல நிற்கும். குழந்தைகளின் கைத்தடம், எண்ணெய்த் தலை சாய்ந்த இடம் ஆகியவை இரண்டிலும் தெரியும். அதற்கு மருந்து நிறம் அன்று, கழுவத்தக்க தரமான எமல்ஷன். டிஸ்டம்பரில் ஈரத்துணி கொண்டு அழுத்தித் துடைத்தால் நிறமும் சேர்ந்து வரும். பூசை அறைக்கும் சமையலறைக்கும் இது குறிப்பாகப் பொருந்தும்.

பளபளப்பான பூச்சு துடைக்க எளிது. ஆனால் பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் சுவரில், அதுவும் சாம்பலில், இக்குறை மிகுதியாகத் தெரியும். பட்டி வேலை சுமாராக இருக்குமானால் மங்கல் பூச்சே பாதுகாப்பு.

எவ்வளவு வாங்குவது?

12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று கொள்வோம். சுற்றளவு 44 அடி. சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. 3 அடிக்கு 7 அடிக் கதவு ஒன்றும் 4 அடிக்கு 4 அடிச் சாளரம் ஒன்றும் கழித்தால் எஞ்சுவது 403 சதுர அடி. பட்டி பார்த்துப் பிரைமர் அடித்த வழவழப்பான சுவரில் நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 120 முதல் 140 சதுர அடி வரை வரும். ஆக மூன்று லிட்டருக்குச் சற்று மேல். 4 லிட்டர் டின் ஒன்று போதும். மொத்த வீட்டுக்கும் தோராயமாகக் கணக்கிடப் பெயிண்டர்கள் கையாளும் வாய்ப்பாடு, தரைப்பரப்பை 3 அல்லது 3.5-ஆல் பெருக்குவது. அவர் சொல்லும் அளவை இவ்வாறு ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது உங்கள் உரிமை. விலைப்பட்டியலில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடங்கியதா என்று கேட்பதும் அப்படியே.

இரு நிறத்துக்கும் விலையில் பெரிய வேறுபாடு இராது. வேறுபாடு, மனம் மாறும்போது வருகிறது. ஐவரியின்மேல் சாம்பல் பூசினால் வழக்கமான இரண்டு கோட்டில் மறைந்துவிடும். சாம்பலின்மேல் ஐவரி பூச வேண்டுமானால் பழைய நிறம் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். பிரைமர் ஒரு கோட்டோ எமல்ஷன் மூன்றாம் கோட்டோ தேவைப்படும். கூலியும் அதற்கேற்பக் கூடும். உறுதியாக முடிவெடுக்க இயலாதவர் முதலில் ஐவரியில் இருப்பது சிக்கனம். வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கும் எங்கள் பரிந்துரை அதுவே. குடியிருப்பவர் மாறும்போது ஒரு கோட்டிலேயே புதுப்பித்துவிடலாம்.

எதை வாங்கினாலும் டின்னில் ஈயத்தின் அளவு பற்றிய குறிப்பைப் பார்க்கவும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்பது 2016-ஆம் ஆண்டு விதி; 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சுவரைச் சுரண்டி வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பழைய வீட்டில் பல அடுக்குப் பழைய பெயிண்டை உப்புத்தாளிட்டுத் தேய்க்கும்போது எழும் தூசியிலிருந்தும் குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும்.

கடன் பற்றி ஓரிரு சொல். நடப்பில் உள்ள வீட்டுக் கடனை ஒழுங்காகச் செலுத்தி வருபவர்க்குக் கிடைக்கும் கூடுதல் கடனின் வட்டி, பொதுவாகத் தனிநபர் கடனைவிடக் குறைவு. கடன் அட்டையில் நிலுவை வைப்பதைக் காட்டிலும் மிகமிகக் குறைவு. ஆனால் ஐந்தாறு ஆண்டில் மங்கிவிடும் பூச்சுக்குப் பதினைந்து ஆண்டுத் தவணை வேண்டாம். குறுகிய தவணையைக் கேட்டுப் பெறவும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தோர், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு கோரலாம், அது ரூ.2 லட்சம் என்ற மொத்த வரம்புக்குள் அடங்கியது. கடனின் நோக்கம் அனுமதிக் கடிதத்தில் குறிப்பிடப்பட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளவும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு நிகர ஆண்டு மதிப்பில் 30 விழுக்காடு கழிவு, நீங்கள் வண்ணம் பூசினாலும் பூசாவிட்டாலும் கிடைக்கும்.

பூசுவதற்கு முன்

இரு நிறத்திலும் சிறிய டின் ஒன்று வாங்கி, 2 அடிக்கு 2 அடி அட்டையில் இரண்டு கோட் பூசவும். பழைய சுவரிலேயே நேராகப் பூசினால் சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணைத் திசைதிருப்பும். அட்டையை மேசைமேல் கிடத்திப் பார்க்கக் கூடாது. மேலிருந்து ஒளி விழுந்து உள்ளதைவிட வெளிறக் காட்டும். சுவரில் சாய்த்து நிறுத்தி, தரை ஓட்டின் துண்டையும் திரைச்சீலையின் ஓரத்தையும் பக்கத்தில் வைத்து, காலை, நண்பகல், மாலை, விளக்கேற்றிய பின் என்று நான்கு வேளையும் பார்க்கவும். வீட்டில் அதிக நேரம் இருப்பவர் யாரோ அவர் கருத்துக்கு முதலிடம் தரவும். மாலையில் மட்டும் வீடு திரும்புபவரின் கண் பாதியைத்தான் காண்கிறது.

கூடத்துக்கு ஒன்றும் படுக்கையறைக்கு மற்றொன்றும் என இரு நிறத்தையும் கொள்வதில் தவறில்லை. சாம்பலின் அடிச்சாயல் பழுப்பாக இருந்தால் போதும். ஐவரியிலிருந்து கதவு தாண்டி வரும்போது இடறாது. கூரையின் உட்புறம் இரண்டுக்கும் வெண்மையே.

ஒரே அறைக்கு வேண்டிய பெயிண்ட் முழுவதையும் ஒரே நாளில் இயந்திரத்தில் கலக்கச் சொல்லி வாங்கவும். வெவ்வேறு நாளில் கலந்தவற்றில் சிறு வேறுபாடு இருக்கக்கூடும். இரண்டு டின்னாக வந்தால் பெரிய வாளியில் ஒன்றாக்கிக் கலந்த பின்னரே தொடங்கச் சொல்லவும். எஞ்சும் அரை லிட்டரைப் பெயிண்டரிடம் கொடுத்துவிடாமல், காற்றுப் புகாத சிறு புட்டியில் மூடி வைக்கவும். டின்னின் மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் நிறத்தின் எண், அடிப்படைப் பெயிண்டின் பெயர், கலந்த தேதி ஆகியவை இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதோடு, அச்சீட்டையும் கிழித்து வீட்டுப் பத்திரங்களின் நகல்கள் உள்ள கோப்பில் வைத்துவிடவும். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அலமாரியை நகர்த்தும்போது கீறல் விழுந்த அன்று அதைத் தேட வேண்டியிருக்கும்.